குறிப்பேட்டிலேயே தொடங்கும் திருட்டு: ஆய்வெழுத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் ஆய்வுக் கட்டுரையின் வரைவைப் படித்த நெறியாளர், ஒரே ஒரு வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "இது உங்க வாக்கியமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் ஏதோ ஒரு நூலைப் படித்து நோட்டில் எழுதிவைத்தது அது. பார்த்து எழுதினேனா, என் சொல்லில் எழுதினேனா என்பது நோட்டைப் புரட்டியும் விளங்கவில்லை. நூலகத்துக்குப் போய் அந்த நூலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு சொற்களைத் தவிர மற்ற எல்லாம் நூலாசிரியருடையவை. திருட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் கட்டுரையைப் படிப்பவருக்கு என் மனம் எப்படித் தெரியும்? தாளில் இருப்பதுதான் அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நண்பர்களின் வரைவுகளையும் மாணவர்களின் வரைவுகளையும் நிறையப் படித்துவிட்டேன். புதியவர்களிடம் நான் பார்த்தவரை, சிக்கல் குறிப்பெடுக்கும்போதே உண்டாகிவிடுகிறது. எழுத உட்காரும்போது அது வெளியே வருகிறது, அவ்வளவுதான். அதனால் இந்தக் கட்டுரையில் குறிப்பேட்டுக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

முதலில், எதைத் திருட்டு என்கிறார்கள்

பிறருடைய சொல்லையோ கருத்தையோ தரவையோ, அவருடையது என்று சொல்லாமல் நம்முடையதுபோல் தருவதுதான் கருத்துத் திருட்டு. ஒரு பத்தியை அப்படியே காப்பி செய்து ஒட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வகை. புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் மற்ற வகைகளில்தான். சொற்களை மட்டும் மாற்றிவிட்டு வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொள்வது ஒன்று. ஒருவர் தன் வாதத்தை அடுக்கிய வரிசையை, அவர் எடுத்த ஆதாரங்களோடு சேர்த்து, சொல்லாமல் பின்பற்றுவது இன்னொன்று. வரைபடம், அட்டவணை, நிழற்படம், கணினி நிரல் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

பதிப்புரிமை வேறு, இது வேறு. பதிப்புரிமை சட்டம் சார்ந்தது. அதற்குக் காலவரம்பு உண்டு. அந்தக் காலவரம்பு முடிந்த ஒரு பழைய நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் அதிலிருந்து ஒரு கருத்தை எடுத்து நம்முடையதாகக் காட்டினால் அது திருட்டுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எழுதியவர் பெயரே இல்லை என்பதெல்லாம் விலக்கு ஆகாது. பெயர் இல்லையென்றால் அதை வெளியிட்ட அமைப்பையோ தளத்தையோ சொல்ல வேண்டும்.

காலம் கடந்தால் மறந்துவிடுவார்கள் என்றும் நம்ப வேண்டாம். ஜெர்மனியின் கல்வி அமைச்சராக இருந்த அன்னெட்டே ஷாவான் 1980-இல் முனைவர் பட்டம் பெற்றவர். 33 ஆண்டுகள் கழித்து, 2013-இல் டியூசல்டார்ஃப் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. சில நாள்களிலேயே அவர் பதவி விலகினார். அதற்கு 2 ஆண்டுகள் முன்புதான் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கார்ல் தியோடர் ட்சூ குட்டன்பர்க்கும் இதே காரணத்துக்காகப் பட்டத்தை இழந்து பதவி விலகியிருந்தார். அவருடைய ஆய்வேட்டை இணையத்தில் ஒன்றுகூடிய தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மூலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வேடு நூலகத்தில் இருக்கும்வரை யாரோ ஒருவர் அதை எடுத்துப் படிக்கத்தான் செய்வார்.

குறிப்பெடுக்கும்போதே வேலி போடுங்கள்

ஒரு நூலையோ கட்டுரையையோ கையில் எடுத்ததும், படிக்கத் தொடங்கும் முன்பே அதன் முழு விவரத்தையும் எழுதிவிடுங்கள்: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம் அல்லது ஆய்விதழ், தொகுதி, பக்கங்கள். இணையத்தில் படித்ததானால் பார்த்த தேதியும் வேண்டும். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், சமர்ப்பிக்கும் முந்தைய நாள் இரவு ஒரு பக்க எண்ணுக்காக அலைய நேரிடும். அப்படி அலைந்து கிடைக்காமல் போகும்போதுதான் பலர் "பரவாயில்லை, எங்கிருந்து எடுத்தது என்ற சான்று இல்லாமலே விட்டுவிடலாம்" என்று முடிவெடுக்கிறார்கள். ஜொட்டெரோ, மெண்டலி போன்ற செயலிகள் இந்த விவரங்களைத் தாமே எடுத்துச் சேமித்துக்கொள்ளும். ஜொட்டெரோ 2006 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அவை எடுக்கும் விவரத்தில் பிழை இருக்கலாம். ஆசிரியர் பெயரும் ஆண்டும் சரியா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இனி குறிப்பு. நான் மூன்று அடையாளம் வைத்திருக்கிறேன். நூலில் உள்ளதை அப்படியே எழுதினால், பேனாவைத் தாளில் வைக்கும் அந்த நொடியே மேற்கோள் குறி போட்டுவிடுவேன். முடிவில் பக்க எண். நூல் சொல்வதை என் சொல்லில் எழுதினால், முன்னால் "சு" என்று ஓர் எழுத்து. சுருக்கம் என்று பொருள். அதற்கும் பக்க எண் உண்டு. படிக்கும்போது எனக்குத் தோன்றும் சந்தேகம், மறுப்பு, கேள்வி எல்லாம் வேறு நிற மையில். கணினியில் எழுதினால் வேறு நிற எழுத்தில். உங்களுக்கு எந்த அடையாளம் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தால், எது யாருடையது என்பது யோசிக்காமலே தெரிய வேண்டும். இதற்கு அது போதும்.

கணினியில் குறிப்பெடுப்பவர்கள் ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மூலத்திலிருந்து ஒரு பத்தியை நேராகக் கட்டுரை வரைவுக்குள் ஒட்டிவிட்டு, "பிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாம்" என்று நகர்வது. அந்தப் "பிறகு" வரவே வராது. வந்தாலும், நாலு சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடும். ஒட்டுவதாக இருந்தால் குறிப்புக் கோப்பில் ஒட்டுங்கள். வரைவுக் கோப்பில் உங்கள் விரல் தட்டிய எழுத்து மட்டுமே இருக்கட்டும்.

சொந்த நடையில் எடுத்தெழுதுவது: ஒரு பத்தியை வைத்துப் பார்ப்போம்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதுவும் நல்ல எண்ணத்தோடு. ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். இது விளக்குவதற்காக நானே எழுதியது. ஒரு நூலில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"அலையாத்தி மரங்களின் பின்னிப் பிணைந்த வேர்கள் அலைகளின் வேகத்தைக் குறைக்கின்றன, வேகம் குறைந்த நீரில் மிதந்துவரும் வண்டல் வேர்களுக்கிடையே படிகிறது, இவ்வாறு படியும் வண்டல் காலப்போக்கில் கரையை உயர்த்தி, கடல் அரிப்பிலிருந்து நிலத்தைக் காக்கிறது."

ஒரு மாணவர் இதை "மாற்றி" எழுதுகிறார்:

"அலையாத்தி மரங்களின் சிக்கலான வேர்கள் அலைகளின் விசையைத் தணிக்கின்றன, விசை தணிந்த நீரில் அடித்துவரப்படும் சேறு வேர்களுக்கு நடுவே தங்குகிறது, இப்படித் தங்கும் சேறு நாளடைவில் கரையை மேடாக்கி, கடல் அரிப்பிலிருந்து நிலத்தைப் பாதுகாக்கிறது."

ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பாருங்கள். "வேகம்" என்ற இடத்தில் "விசை", "வண்டல்" என்ற இடத்தில் "சேறு", "காக்கிறது" என்ற இடத்தில் "பாதுகாக்கிறது". வாக்கியம் மூன்று துண்டு, அதே வரிசை, காற்புள்ளிகூட அதே இடத்தில். நிகண்டைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைத்தது போலிருக்கிறது. இதை ஒட்டுவேலை என்பேன். இதன் கீழே சான்று காட்டினாலும் குறை தீராது, ஏனென்றால் கருத்து மட்டும்தான் அவருடையது, எழுத்து என்னுடையது என்று அந்தச் சான்று சொல்கிறது, எழுத்தும் அவருடையதுதான். இன்னொன்றும் கவனியுங்கள்: "வண்டல்" என்ற துறைச் சொல்லைச் "சேறு" என்று மாற்றியதில் பொருளும் கெட்டுவிட்டது. துறைச் சொற்கள் பொதுச்சொத்து. அவற்றை மாற்ற வேண்டியதே இல்லை.

இப்போது இதைப் பாருங்கள்:

"அலையாத்திக் காடு உள்ள கரை எளிதில் அரிபடாமல் இருப்பதற்கு வண்டலே காரணம் என்கிறார் நூலாசிரியர் (பெயர், ஆண்டு). வேர்களில் மோதி நீர் தளரும்போது, அது சுமந்துவந்த வண்டல் அங்கேயே இறங்கிவிடுகிறது என்பதும், ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் கரை மேடேறும் என்பதும் அவர் தரும் விளக்கம். அப்படியானால், வண்டல் வரத்து குறைந்துபோன ஒரு கழிமுகத்தில் இந்தக் காப்பு நிலைக்குமா? இந்த ஆய்வு எழுப்பும் கேள்வி அதுதான்."

இதில் எழுதுபவர் முடிவிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகிறார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது அந்த முடிவுதான். நூலாசிரியர் பேசுவது எங்கே முடிகிறது, தான் பேசுவது எங்கே தொடங்குகிறது என்பதும் "அப்படியானால்" என்ற ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி எளியது. பத்தியை இரண்டு முறை படிப்பேன். நூலை மூடிவைத்துவிட்டு, எதிரே ஒருவர் இருப்பதாக எண்ணி அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வரவில்லையென்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி படிப்பேன். சொல்ல வந்துவிட்டால், சொன்னதை எழுதுவேன். அதன் பிறகுதான் நூலைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன். ஏதாவது ஒரு தொடர் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தால், ஒன்று அதற்கு மேற்கோள் குறி போடுவேன், அல்லது அந்த வாக்கியத்தையே கலைத்துவிடுவேன். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் ஒட்டுவேலைதான் வரும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அப்படித்தான்.

எப்போது மேற்கோளாகவே தருவது

ஒருவர் ஒரு சொல்லை வரையறுக்கும் இடம், அவர் சொன்ன விதமே விவாதத்துக்குரியதாக இருக்கும் இடம், மாற்றிச் சொன்னால் கூர்மை போய்விடும் இடம். இவற்றில் அப்படியே தாருங்கள். மற்ற இடங்களில் சொந்த நடையே மேல். பக்கத்துக்கு நாலு மேற்கோள் உள்ள கட்டுரையில் எழுதியவரின் குரலே கேட்காது.

நேரடி மேற்கோளுக்குப் பக்க எண் கட்டாயம் வேண்டும். சான்று காட்டும் நடைகளில் ஒன்றான, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடையில், 40 சொல்லும் அதற்கு மேலும் ஓடும் மேற்கோளைக் குறி இல்லாமல் உள்தள்ளித் தனிப் பத்தியாகத் தர வேண்டும். நடுவில் எதையாவது விட்டால் மூன்று புள்ளி, நாம் ஏதாவது சேர்த்தால் சதுர அடைப்பு. எந்த நடை என்பதைத் துறையோ ஆய்விதழோ சொல்லும். கேட்டுத் தெரிந்துகொண்டு கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

சான்று எதுவரை செல்லும்

பத்தியின் கடைசியில் ஓர் அடைப்புக்குறிச் சான்று. அது கடைசி வாக்கியத்துக்கு மட்டுமா, பத்தி முழுவதற்குமா? படிப்பவருக்குத் தெரியாது. இதைத் தீர்க்கப் பெயரை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்: "இன்னார் கூறுவதன்படி", "இன்னாரின் கணக்கில்". நம் பழைய இலக்கண நூலார் இதை அழகாகச் செய்தார்கள். "என்மனார் புலவர்", "என்ப" என்று முடித்து, இது தமக்கு முன்னிருந்தோர் சொன்னது என்பதை நூற்பாவிலேயே வைத்துவிட்டார்கள். தமிழில் "என்கிறார்", "என்று காட்டுகிறார்", "என்பது அவர் முடிவு" என்று சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் சான்று வேண்டுமா? வேண்டாம். கடல்மட்ட அழுத்தத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதற்கு யாரும் சான்று கேட்க மாட்டார்கள். துறையில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் மறுக்காத செய்தி பொதுவறிவு. ஓர் எண்ணிக்கை, ஒரு விளக்கம், கருத்து வேறுபாடு உள்ள ஒரு செய்தி என்றால் சான்று வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். தேவையில்லாத ஒரு சான்றால் கட்டுரைக்குக் கேடு எதுவும் வந்துவிடாது.

ஒரு நூலில் இன்னொருவர் மேற்கோளாக வந்திருப்பார். அவருடைய மூல நூலை நீங்கள் பார்த்ததே இல்லை. அப்போது மூலத்தை நேரில் படித்ததுபோல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. "இன்னார் எடுத்துக்காட்டியபடி" என்று எழுதி, உண்மையில் படித்த நூலைத்தான் குறிக்க வேண்டும். முடிந்தால் மூலத்தையே தேடிப் படித்துவிடுங்கள். இடையில் ஒருவர் செய்த பிழை அப்படியே கட்டுரை கட்டுரையாகத் தொடர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பும் பழைய கட்டுரையும்

தமிழில் எழுதுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலத்தில் உள்ள ஒரு பகுதியைத் தமிழாக்கிச் சான்று இல்லாமல் தந்தால், அது முழுமையான திருட்டு. "சொல் எல்லாம் என்னுடையதுதானே" என்று ஒரு மாணவர் என்னிடம் உண்மையான குழப்பத்தோடு கேட்டார். சொல் அவருடையதுதான். சிந்தனை, வரிசை, எடுத்துக்காட்டு எதுவும் அவருடையது அல்ல. வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் மேற்கோளாகத் தந்து, மொழிபெயர்ப்பு தன்னுடையது என்றும் குறிப்பிட வேண்டும். திருட்டைத் தேடும் மென்பொருள் இதைப் பிடிக்காமல் விடலாம். துறை தெரிந்த ஒரு தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

தன் பழைய கட்டுரையைத் தானே எடுத்துப் பயன்படுத்துவதும், சொல்லாமல் செய்தால் குற்றம்தான். அதைச் சுயத்திருட்டு என்கிறார்கள். ஒரு பாடத்துக்குக் கொடுத்ததை இன்னொரு பாடத்துக்குக் கொடுப்பது, வெளிவந்த கட்டுரையின் பகுதியைப் புதியதுபோல் தருவது, இரண்டுமே இதில் சேரும். முன்பு எழுதியதை நம்பி மேலே போக வேண்டுமானால், பிறர் நூலுக்குச் சான்று காட்டுவதுபோலவே அதற்கும் காட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவு

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தபிறகு, இத்தகைய கருவியைக் கட்டுரை எழுதப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் எழுகிறது. இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. ஆகவே எழுதத் தொடங்கும் முன்பே உங்கள் துறையின் விதியைக் கேளுங்கள். ஒன்று மட்டும் பொதுவாக ஏற்கப்பட்டிருக்கிறது: இத்தகைய கருவியை ஆசிரியராகச் சேர்க்கக் கூடாது. வெளியீட்டு நெறிக்குழுவான கோப் 2023-இல் இதைத் தெளிவாக அறிவித்தது. எழுதியதற்குப் பொறுப்பேற்க மனிதர் வேண்டும் என்பது காரணம். எங்கே, எதற்குப் பயன்படுத்தினோம் என்று கட்டுரையில் சொல்லிவிட வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. எங்குமே இல்லாத ஒரு கட்டுரையை இருப்பதுபோல், ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு இந்தக் கருவிகள் தந்துவிடும். பார்க்க அச்சு அசலாக இருக்கும். கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான அடையாள எண்ணான டிஓஐ எண்ணைப் போட்டுத் தேடி, கட்டுரையை நேரில் திறந்து படித்த பிறகே அது உங்கள் பட்டியலில் ஏறலாம்.

கொடுக்கும் முன்: வரைவில் தேட வேண்டியவை

வரைவை ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு யாரோ எழுதியதுபோல் படியுங்கள். சில அடையாளங்கள் தாமே கண்ணில் படும். நடை திடீரென மாறும். நேற்றுவரை எளிமையாகப் போன கட்டுரை ஒரு பத்தியில் மட்டும் கடுந்தமிழுக்குத் தாவும். எங்கும் விளக்காத ஒரு கலைச்சொல் முளைக்கும். "அண்மையில்" என்று சொல்லப்பட்ட நிகழ்ச்சி 15 ஆண்டுப் பழையதாக இருக்கும். அது மூல நூல் எழுதப்பட்டபோது அண்மை. எழுத்துரு மாறும், இணைய இணைப்பின் நீல நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். "மேலே கண்ட படத்தில்" என்றிருக்கும், மேலே படமே இருக்காது. இப்படி ஏதாவது பட்டால் குறிப்பேட்டை எடுத்து அந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் போன்ற மென்பொருள் தரும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், முன்பு சமர்ப்பிக்கப்பட்ட மாணவர் கட்டுரைகள் ஆகியவற்றோடு எந்தெந்தத் தொடர் ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே அது கணக்கிடுகிறது. துணைநூற்பட்டியலும் முறையான மேற்கோள்களும் சேர்ந்து ஒரு நேர்மையான கட்டுரைக்கு 25 சதவீதம் வரலாம். இன்னொரு கட்டுரைக்கு 4 சதவீதமே வந்து, அந்த 4 சதவீதமும் திருடிய ஒரே பத்தியாக இருக்கலாம். ஆகவே அறிக்கையைத் திறந்து, நிறம் தீட்டிய ஒவ்வோர் இடத்தையும் படியுங்கள். மேற்கோள் குறியும் சான்றும் இருந்தால் விட்டுவிடலாம். சான்று இருந்தும் குறி இல்லையென்றால் குறி போடுங்கள், அல்லது நூலை மூடிவைத்து மறுபடி எழுதுங்கள். இரண்டும் இல்லையென்றால் மூலத்தைக் கண்டுபிடிக்கும்வரை அந்த வாக்கியம் கட்டுரையில் இருக்கக் கூடாது. சதவீதத்தைக் குறைப்பதற்காகச் சொற்களை மட்டும் மாற்றுவது, மேலே பார்த்த அதே ஒட்டுவேலைதான்.

வரைவைக் கேட்கும் நண்பருக்கு உங்கள் கோப்பைக் கொடுக்காதீர்கள், உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். இரண்டு கட்டுரை ஒன்றுபோல் வந்தால் கொடுத்தவரும் விசாரணையில் நிற்க வேண்டிவரும்.

சமர்ப்பித்த பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால் என்ன செய்வது? அதே நாளில் நெறியாளரிடமோ இதழாசிரியரிடமோ சொல்லிவிடுங்கள். போகும்போது மூன்றைக் கையில் எடுத்துப் போங்கள்: மூலத்தின் அந்தப் பக்கம், உங்கள் கட்டுரையில் அந்தப் பத்தி, திருத்தி எழுதிய பத்தி. நான் அந்த ஒரு வாக்கியத்தோடு நூலகத்திலிருந்து திரும்பி வந்தபோது என் நெறியாளர் மூன்றையும் வாங்கிப் படித்தார். மேற்கோள் குறியைப் போடச் சொன்னார். பக்க எண்ணைச் சரிபார்த்தார். பிறகு என் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பத்தியாக, "இது யாருடையது?" என்று கேட்கத் தொடங்கினார்.